எண்ணூர்ப் பையனும் ஒரு மஞ்சளும்

டேய் முரளி,

இத்தனை நாள் பதில் போடாததற்கு நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். அம்மா நலம், முட்டிவலி மட்டும் அப்படியே. வேளச்சேரியில் இன்னும் படகு விடவில்லை.

இப்போது எழுதுவது எங்கள் எம்.எஸ்ஸி. பசங்களால். ஈ. கோலி பாக்டீரியாவுக்குள் சைல்-ஈ என்ற மரபணுவை ஏற்றி, தட்டில் வளர்ந்த காலனிகள் மேல் கேட்டகால் என்ற வேதிப்பொருளின் கரைசலைத் தெளித்தார்கள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் வெளிறிக் கிடந்த புள்ளியெல்லாம் பளீர் மஞ்சள்! லாக்-இசட் மரபணு தரும் நீலத்துக்காக நாம் ராத்திரி முழுக்கக் காத்திருந்து, காலையில் குண்டு சார் வந்து "எங்கேய்யா நீலம்?" என்று கேட்ட கதையெல்லாம் சொன்னேன், ஒருத்தனும் சிரிக்கவில்லை.

சைல்-ஈ உண்டாக்கும் நொதி நிறமில்லாத கேட்டகாலின் வளையத்தை ஆக்சிஜனைச் சேர்த்துப் பிளக்கிறது, பிளந்தது மஞ்சளாகிறது, அவ்வளவுதான். மரபணுவின் பூர்வீகம், பெட்ரோலிய எண்ணெயில் இருக்கும் டொலுவீன், சைலீன் தின்று வாழும் சூடோமோனாஸ் புட்டிடா என்ற பாக்டீரியா. 1983லேயே அதை பேசிலஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவில் போட்டு, எந்த மரபணு ஸ்விட்ச் வேலை செய்கிறது என்று பார்க்கப் பயன்படுத்திவிட்டார்கள்.

இங்கேதான் வினை. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததே, அந்தப் பக்கத்துப் பையன் ஒருத்தன் இருக்கிறான். டொலுவீனைக் கண்டால் சைல்-ஈ முடுக்கிவிடுகிற மாதிரி பாக்டீரியாவைச் செய்து மீனவர்கள் கையில் கொடுத்துவிடலாம், தண்ணீரை அவர்களே சோதித்துக்கொள்வார்கள் என்கிறான். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்கோ வயிற்றைக் கலக்குகிறது. டொலுவீன் சீக்கிரம் ஆவியாகிவிடும். படகிலும் வலையிலும் ஒட்டிய அந்தக் கறுப்புப் பிசுக்கைப் பற்றி இந்த மஞ்சள் என்ன சொல்லும்? மஞ்சள் வரவில்லை என்றால் தண்ணீர் நல்லது என்றா, பாக்டீரியாவே செத்துப்போச்சு என்றா? நொதிக்கு வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும்தான், ஆனால் அதே ஆக்சிஜன் பட்டு நடுவில் உள்ள இரும்பு கெட்டால் வேலையை நிறுத்திவிடும். கேட்டகாலும் விஷம்டா, கையுறை இல்லாமல் தொடக்கூடாது, திறந்து வைத்தால் பழுப்பேறிவிடும். அதைப் போய் ஒரு வீட்டுத் திண்ணையில் வைப்பதா? "ஒண்ணும் இல்லப்பா" என்று சொல்லிவிட்ட தண்ணீரில் நாளைக்கு யாராவது இறங்கினால்?

ஆனாலும் அவனிடம் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் அப்பா படகு கறுத்துப்போனதைப் பார்த்தவன், வேறு எவனும் இதை யோசிக்கவில்லை.

நீ தண்ணீர் மாதிரிகளிலேயே ஊறின ஆள். சனிக்கிழமை வா, அந்தப் பிசுக்கில் எதைத் தேட வேண்டும் என்று நீயே அவனுக்குச் சொல். என் பேச்சைவிட உன் பேச்சு எடுபடும். அப்புறம், அந்தப் பச்சை டவலைக் கொண்டுவராதே.

உன்
சேகர்