சம்பளமில்லாத தீயணைப்பும் 870 டாலரும்

ஏப்ரல் 2026
பீட்டர்பரோவுக்கு வடக்கே, ஒன்டாரியோ மாகாணம், கனடா

அன்புள்ள சங்கரா,

நலம்தானே? மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று தங்கச்சி சொன்னாள். சந்தோஷம். ஆனால் முட்டிவலியைவிடப் புதிய வருமானவரிச் சட்டம்தான் உன்னைப் படுத்துகிறது போலிருக்கிறது. முப்பது வருஷமாக வாயில் ஊறிப்போன பிரிவு எண்களை இந்த ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து மறந்துவிடு என்றால் யாருக்குத்தான் முடியும்? நீ குரல் பதிவில் புலம்பியதை இரண்டு தடவை கேட்டுச் சிரித்தேன். கோபித்துக்கொள்ளாதே.

இங்கே எனக்கும் இதுதான் சீசன். வருமானவரி ரிட்டர்னுக்கு ஏப்ரல் 30 கெடு. மேஜை முழுக்கப் பக்கத்து ஊர்க்காரர்களின் ஃபைல்.

சின்னவனைப் பற்றிக் கேட்டிருந்தாய். "படிச்ச பையன் சம்பளம் இல்லாம நெருப்பு அணைக்கப் போறானாமே, நீ என்ன பார்த்துக்கிட்டு இருக்கே?" என்று. அவன் அம்மாவும் இதையே கேட்டாள், உன்னைவிடச் சத்தமாக. அவளுக்குச் சொன்ன பதிலையே உனக்கும் சொல்கிறேன்.

நம் ஊரில் தீயணைப்பு நிலையம் என்றால் அரசாங்க வேலை, காக்கி உடுப்பு, ஷிஃப்ட், பென்ஷன். இங்கே அது டொரொண்டோ மாதிரிப் பெரிய நகரங்களில் மட்டும்தான். கனடா முழுக்க இருக்கிற தீயணைப்பு வீரர்களில் பத்துக்கு ஏழு பேர் தன்னார்வலர்கள். எங்கள் ஊர் மாதிரி இடத்தில் முழுநேர ஆள் வைக்க நகராட்சிக்குக் கட்டுப்படியாகாது. பேஜர் அடித்தால் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர், பால் பண்ணைக்காரர், மரக்கடையில் நிற்கிற என் பையன் எல்லோரும் போட்டது போட்டபடி ஓடுவார்கள். காரின் முன்கண்ணாடிக்குள் ஒரு பச்சை விளக்கு மினுக்கும். அதைப் பார்த்தால் மற்ற வண்டிகள் ஒதுங்கி வழி விடும். சட்டப்படி ஒதுங்க வேண்டிய கட்டாயம் கிடையாது, மரியாதைக்குத்தான். நம் பைபாஸில் ஆம்புலன்ஸுக்கே வழி கிடைப்பதில்லை என்று நீ எழுதியிருந்தாய், அதனால் சொல்கிறேன்.

தன்னார்வலர் என்றால் கையில் காசே வராது என்று அர்த்தமில்லை. கூப்பிட்ட தடவைக்கு இவ்வளவு, பயிற்சிக்கு இவ்வளவு என்று பெயரளவுக்கு ஏதோ தருவார்கள். ஒன்டாரியோ சட்டத்திலேயே தன்னார்வத் தீயணைப்பாளர் என்பதற்கு அப்படித்தான் இலக்கணம். அதைச் சம்பளம் என்று சொன்னால் மரக்கடை முதலாளியே சிரிப்பார்.

நான் மலைத்துப்போனது பயிற்சியைப் பார்த்துத்தான். தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை என்றுதானே நாம் நினைத்திருந்தோம்? பயிற்சி நாள் ஒன்றில் குடும்பத்தாரையும் கூப்பிட்டிருந்தார்கள், போய்ப் பார்த்தேன். உடுப்பு, பூட்ஸ், தலைக்கவசம், முதுகில் காற்றுச் சிலிண்டர் (ஆக்சிஜன் இல்லை, அழுத்தி அடைத்த சாதாரணக் காற்றுதான்), எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு முகமூடிக் கண்ணாடியைக் கறுப்புத் துணியால் மூடிவிடுகிறார்கள். கண் தெரியாது. அந்த நிலையில் ஒரு பழைய கொட்டகைக்குள் முழங்காலிட்டுத் தவழ்ந்து, ஹோஸைத் தடவியே வெளியே வர வேண்டும். ஹோஸ் ஒன்றோடொன்று சேருகிற இடத்தில் ஆண், பெண் என்று இரண்டு விதக் கப்ளிங், அதாவது இணைப்பு முனை, இருக்கும் அல்லவா? தவழும்போது பெண் முனை முதலில் கைக்குத் தட்டுப்பட்டு அடுத்து ஆண் முனை வந்தால் வண்டியை நோக்கி, அதாவது வெளியே, போய்க்கொண்டிருக்கிறாய். மாறி வந்தால் நெருப்பை நோக்கிப் போகிறாய். சின்னவன் வெளியே வந்தபோது அவன் சிலிண்டரில் காற்று குறைந்ததற்கான மணி அடித்துக்கொண்டிருந்தது. அவன் சிரித்துக்கொண்டு வந்தான். அவன் அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை.

கிராமப்புறத்தில் இன்னொரு தலைவலி, தெருவில் ஹைட்ரண்ட், அதாவது தீயணைப்புக்கான தண்ணீர்க் குழாய், கிடையாது. டேங்கர் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து, தார்ப்பாய்த் தொட்டி மாதிரி ஒன்றை விரித்து அதில் கொட்டி, அதிலிருந்து பம்ப் உறிஞ்ச வேண்டும். லாரி மறுபடி ஏரிக்கு ஓடும். இதைப் பிசகாமல் செய்யவே தனிப் பயிற்சி.

இதெல்லாம் முன்பு நிலையத்துக்கு நிலையம் ஒரு மாதிரி நடந்தது. 2022 ஜூலை முதல் ஒன்டாரியோவில் விதி வந்துவிட்டது, 343/22 என்று எண். எந்த வேலையைச் செய்கிறார்களோ அதற்கு அமெரிக்கத் தேசியத் தீ தடுப்புச் சங்கத்தின் (என்.எஃப்.பி.ஏ.) தரத்தை ஒட்டிய சான்றிதழ் வேண்டும். எழுத்துத் தேர்வும் உண்டு, செய்முறையும் உண்டு. சம்பளக்காரருக்கும் தன்னார்வலருக்கும் ஒரே விதி. வருகிற ஜூலை 1 கெடு. கயிறு, பனிக்கட்டி, நீர் மாதிரித் தொழில்நுட்ப மீட்பு வேலைகளுக்கு மட்டும் 2028 வரை அவகாசம். விதி சரிதான். நெருப்புக்கு இவர் தன்னார்வலர், அவர் சம்பளக்காரர் என்று தெரியாது. ஆனால் கிரேவன்ஹர்ஸ்ட்டில் இருந்த ஒன்டாரியோ தீயணைப்புக் கல்லூரியை 2021 மார்ச்சோடு மூடிவிட்டு, மறு வருஷமே எல்லோரும் சான்றிதழ் வாங்குங்கள் என்றால் எப்படி? வட்டாரப் பயிற்சி மையங்கள் என்று பிறகு ஆரம்பித்தார்கள். ஆனாலும் வாரநாளில் லீவு போட்டு, மணிக்கணக்கில் வண்டி ஓட்டிப் போய்ப் படித்துப் பரீட்சை எழுதுவது ஐம்பத்தைந்து வயது பால் பண்ணைக்காரருக்குச் சுலபமா? எங்கள் நிலையத்தில் அனுபவசாலிகள் சிலர் விலகிக்கொண்டார்கள். பரீட்சை என்றதும் வந்த பயம்தான் காரணம், வேலையைக் கண்டு பயப்படுகிறவர்கள் இல்லை.

இனி உனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன்.

இவர்களுக்கு மத்திய அரசு ஒரு வரிச்சலுகை வைத்திருக்கிறது. 2011 பட்ஜெட்டில் வந்தது. வருஷத்துக்குக் குறைந்தது 200 மணிநேரம் சேவை செய்திருந்தால் 3,000 டாலர் என்று ரிட்டர்னில் அதற்கென்று இருக்கிற இடத்தில் எழுதிக்கொள்ளலாம். 2024 பட்ஜெட்டில் அதை 6,000 ஆக்கினார்கள். கோர்ட் ஜான்ஸ் என்ற எம்.பி. 10,000 ஆக்க வேண்டும் என்று தனிநபர் மசோதாவே கொண்டுவந்திருந்தார், பாதி தூரம்தான் கிடைத்தது. 6,000 என்றதும் அவ்வளவும் கைக்கு வரும் என்று நினைக்காதே. நம் ஊர் வருமானவரிச் சட்டத்தின் பழைய 80சி பிரிவு மாதிரி வருமானத்தில் கழிக்கிற சமாச்சாரம் இல்லை இது. பழைய 87ஏ மாதிரி வரியில் கழிப்பது, அதுவும் அந்தத் தொகையை அடிமட்ட வரி விகிதத்தால் பெருக்கி. 15 சதவீதம் இருந்தபோது 900 டாலர். போன ஜூலையில் அரசாங்கம் அடிமட்ட விகிதத்தை 14 ஆகக் குறைத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அதனால் 2025க்கு சராசரி 14.5, சலுகை 870. இந்த வருஷத்துக்கு 840. வரியைக் குறைத்ததால் வரிச்சலுகையும் குறைந்துவிட்டது. இந்தக் கூத்தை உன்னைத் தவிர யாரிடம் சொல்லி ரசிப்பது?

200 மணிநேரத்தில் எது சேரும், எது சேராது என்பதிலும் கணக்கு இருக்கிறது. நெருப்புக்குப் போவது, அழைப்புக்குத் தயாராக இருப்பது, நிலையக் கூட்டம், கட்டாயப் பயிற்சி, இவை முதன்மை. மற்ற வேலைகள் இரண்டாம் பட்சம். முதன்மை மணிநேரம்தான் அதிகமாக இருக்க வேண்டும். சின்னவனுக்குப் பயிற்சியே பெரும்பகுதியை நிரப்பிவிட்டது. வருவாய்த்துறை கேட்டால் தீயணைப்புத் தலைவர் கையெழுத்திட்ட கடிதம் காட்ட வேண்டும். அதனால் எங்கள் தலைவரின் பதிவேடு நம் பெரிய சாரின் லெட்ஜர் மாதிரி, அடித்தல் திருத்தல் இருக்காது.

இன்னொரு கொக்கி. இந்தச் சலுகையை எடுக்காதவர்களுக்கு, நகராட்சி தருகிற பெயரளவுப் பணத்தில் 1,000 டாலர் வரை வரிவிலக்கு உண்டு. இரண்டில் ஒன்றுதான். சின்னவனுக்கு ஆயிரத்தை வருமானத்தில் சேர்த்தால் மத்திய, மாகாண வரி இரண்டும் சேர்ந்து 195 டாலர் சொச்சம். 870இல் அதைக் கழித்தால் 675 மிஞ்சும். சலுகையையே எடுத்தோம். ஒன்டாரியோவின் மாகாண வரியில் இதற்கு இணையாக எதுவும் கிடையாது.

எனக்கு வயிற்றெரிச்சல் எங்கே என்றால், இது திருப்பித் தருகிற பணம் இல்லை. வரி இருந்தால்தான் கழிக்கலாம். அடிப்படைத் தொகை 16,129 டாலர், அதற்குக் கீழே சம்பாதிக்கிற கல்லூரிப் பிள்ளைக்கு வரியே இல்லை, ஆகவே சலுகையும் இல்லை. அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது, பெண்டாட்டிக்கு மாற்றவும் முடியாது. போன வாரம் ஓர் இளம்பெண் வந்தாள், கல்லூரியில் படிக்கிறாள். சின்னவனோடு அதே கொட்டகையில் தவழ்ந்தவள், மணிநேரம் அவனைவிட அதிகம். தலைவரின் கடிதத்தை மடிப்புக் கலையாமல் உறையில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். அவளுக்கு இதில் பூஜ்யம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் 500 டாலர் தருகிறார்கள், வரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கைக்கு வரும். ஒன்டாரியோ ஏரிக்கு அக்கரையில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலும் 200 டாலர் அதே மாதிரி. தொகை சின்னதுதான். ஆனால் இல்லாதவனுக்கும் போய்ச் சேருகிறது. தலைநகர் ஒட்டாவாக்காரர்கள் ஆறாயிரம் பத்தாயிரம் என்று ஏலம் போடுவதை விட்டு இதைச் செய்தால் இளசுகள் சேரும் என்பது என் கட்சி. எங்கள் எம்.பி.க்கு இதை எழுதி வைத்திருக்கிறேன், கெடு முடிந்ததும் அனுப்ப வேண்டும்.

பணத்துக்காக யாரும் இதில் சேருவதில்லை என்று நீ சொல்வாய். வாஸ்தவம். ஆனால் பெட்ரோல் பணத்துக்காக விலகுகிறவர்கள் உண்டு.

சின்னவனுக்குச் செய்முறைத் தேர்வு மே மாதக் கடைசியில். பாஸானால் சொல்கிறேன். பெரியவள் பிரசவத்துக்கு ஆகஸ்டில் வருகிறாள்.

பெரிய சாருக்குச் சதாபிஷேகம் தையிலா மாசியிலா என்று அவர் பையனிடம் கேட்டுச் சொல். நானும் சின்னவன் அம்மாவும் வருகிறோம். தேதி உறுதியானால்தான் விமான டிக்கெட் போட முடியும். நெல்லை எக்ஸ்பிரஸ் பொறுப்பு உன்னுடையது, லோயர் பெர்த்.

உன்,
கணபதி