எந்தச் சொல்லுக்கு முன்னும் 'வெரி' வருமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஆங்கிலப் பயிற்சிப் பக்கத்தில், 'அழுத்தம் தர எந்தச் சொல்லுக்கு முன்னும் வெரி சேர்க்கலாம்' என்றிருந்த வரியைப் படித்து மிகவும் வருந்தினேன். பெயரடைக்கும் வினையடைக்கும் முன்னால் வரும் அச்சொல் வினைச்சொல்லுக்கு முன்னால் வராது என்பது தாங்கள் அறியாததன்று. 'ஐ வெரி லைக் இட்' என்பது பிழை. 'ஐ ரியலி லைக் இட்' என்றோ, இறுதியில் 'வெரி மச்' சேர்த்தோதான் சொல்ல வேண்டும். 'பெட்டர்' என்பதற்கு முன்னாலும் 'மச்'தான் வரும், 'வெரி' வராது.

இது முதல் முறையாக இருந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். 'நெவர்' என்ற சொல்லை அழுத்தத்துக்காக வாக்கியத்தின் தொடக்கத்தில் வைத்தால் துணைவினை எழுவாயை முந்திக்கொண்டு 'நெவர் ஹேவ் ஐ சீன்' என்று வர வேண்டும். அதே பக்கத்தில் முன்பொரு முறை 'நெவர் ஐ ஹேவ் சீன்' என்று வந்தபோதே எழுதினேன். திருத்தமும் வரவில்லை, பதிலும் வரவில்லை. 'நான்தான் அவனிடம் சொன்னேன்' என்பதற்கு 'ஐ ஒன்லி டோல்ட் ஹிம்' என்று கொடுத்திருந்ததையும் மறக்க முடியவில்லை. நம் 'தான்' எந்தச் சொல்லோடு ஒட்டுகிறதோ அதற்கு அழுத்தம் தரும். அதை அப்படியே 'ஒன்லி' ஆக்கினால், அவனிடம் சொன்னதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்றோ, அவனிடம் மட்டுமே சொன்னேன் என்றோ பொருள் மாறிவிடுகிறது. 'இட் வாஸ் ஐ ஹூ டோல்ட் ஹிம்' என்று எழுதியிருந்தால் குழப்பமே இல்லை.

இவற்றைச் சிறு பிழைகள் என்று ஒதுக்க என்னால் முடியாததற்குக் காரணம் உண்டு. இளம் வயதில், இதைப் போன்ற ஒரு பயிற்சிக் குறிப்பை நம்பி, வேலை விண்ணப்பத்தில் 'ஐ ஆம் டூ இன்ட்ரஸ்டட்' என்று எழுதினேன். 'டூ' என்பது 'மிக' அன்று, 'அளவுக்கு மீறி' என்பது எனக்கு அப்போது தெரியாது. நேர்காணலில் அந்த வரியை உரக்கப் படித்த அதிகாரி, 'ஆர்வம் அளவு மீறிவிட்டதா?' என்று கேட்டார், உடனிருந்தவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பின் கேட்ட ஒரு கேள்விக்கும் என்னால் நா எழுந்து பதில் சொல்ல முடியவில்லை. தங்கள் இதழை நம்பி ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளை நினைக்கும்போது அந்த அறைதான் என் கண்முன் வருகிறது.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், 'வெரி' பற்றிய திருத்தத்தை நான்கு வரிகளிலாவது கட்டம் கட்டி வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்