நோட்டீசில் இடம் பத்தாமல் போனவர்களுக்கு

ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் வணக்கமுங்க.

போன வாரம் நம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் புது வகுப்பறைத் திறப்பு விழா நல்லபடியாக முடிந்தது. நன்றியுரைக்கு எனக்கு ஐந்து நிமிஷம் கொடுத்திருந்தார்கள். மேடையில் இருந்தவர்களை ஒவ்வொருவராக 'அவர்களே, அவர்களே' என்று விளித்து முடிப்பதற்குள் நாலு நிமிஷம் போய்விட்டது. நோட்டீசில் பெயர் வந்தவர்களுக்கு அன்றைக்கே துண்டு போர்த்தியாகிவிட்டது. இந்த மடல் மற்றவர்களுக்கு. ஒரு லோடு கிராவல் கொண்டுவந்து கொட்டிய டிப்பர்காரத் தம்பி, "பேரு போட்டீங்கன்னா அடுத்த லோடு வராதுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டார். சரி, அவர் சொன்னதே எல்லாருக்கும் சட்டம் என்று வைத்துக்கொண்டேன். பெயர் இல்லாவிட்டாலும் யார் யார் என்று நம் ஊரில் தெரியாமலா போகும்?

முதல் நன்றி, நான் பார்த்தே இராத ஓர் ஆத்தாவுக்கு. மாரியம்மன் கோயில் திண்ணையில் நடந்துகொண்டிருந்த பள்ளிக்கூடம் இது. காமராஜர் முதலமைச்சர், நம்ம பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம் கல்வி அமைச்சர், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநர். 1958இல் தொடங்கி ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார்கள். கஜானாவையே நம்பி இருக்காமல் ஊர்க்காரர்களையே பெஞ்சு, கடிகாரம், தண்ணீர்ப் பானை, இடம் என்று கொடுக்க வைத்த காலம் அது. அந்தச் சூட்டில்தான் ஆத்தா தன் களத்தை விட்டுக்கொடுத்தாராம். சோளமும் கம்பும் அடித்து அடித்து இறுகிய மண். இப்போதும் கடப்பாரை லேசில் இறங்காது. வேப்பங்கன்று நடக் குழி தோண்ட வந்த பழைய மாணவர்கள் உள்ளங்கையைக் கேட்டால் சொல்லும்.

ஆனால் ஆத்தா கொடுத்தது வாய்ச்சொல்லாக. அறுபது வருஷத்துக்கு மேல் யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. புது வகுப்பறைக்கு எழுதிப் போட்டபோதுதான் இடம் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வி வந்தது. பட்டாவை எடுத்துப் பார்த்தால் ஆத்தா பெயர்! பல்லடத்துக்கும் திருப்பூருக்கும் நடுவில் சென்ட் என்ன விலை போகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு இரண்டு ராத்திரி தூக்கமே இல்லை. பேரன்மார் நாலு பேரும் பேத்தி ஒருவரும் ஒரே நாளில் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்தார்கள், ஒருவர் பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து. அதில் இரண்டு பேர் நோம்பிக்குக்கூட ஒருவர் வீட்டு வாசலை இன்னொருவர் மிதிக்காதவர்கள். ஒரே பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்து, கூப்பிட்டதும் எழுந்துபோய் தானப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றேன். ஒரு டீ குடித்தார்கள், அதையும் தனித்தனியாக.

விழாவன்று பழைய சேர்க்கைப் பதிவேடுகளை மேசைமேல் பரப்பி வைத்திருந்தோம். அதைப் பார்க்க நின்ற கூட்டத்தில் பாதிகூட மேடைக்கு முன்னால் இல்லை, சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். அட்டைகளில் முதலில் கோயமுத்தூர் ஜில்லா, பிறகு கோவை மாவட்டம், 2009க்குப் பிறகு திருப்பூர் மாவட்டம். உள்ளே பிறந்த தேதியைப் பார்த்தால் ஊரில் பாதிப்பேர் மே, ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள். தலைக்கு மேல் கையைச் சுற்றி எதிர்க் காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது என்று வாத்தியாரே ஒரு தேதி போட்டுவிடுவார். தகப்பனார் தொழில் என்ற கட்டம் இருக்கிறதே, அதை மேலிருந்து கீழே வாசித்தால் போதும், நம் ஊர்க் கதை தெரிந்துவிடும். பக்கம் பக்கமாக விவசாயம். நடுவில் பண்ணையம், ஆடு மேய்ப்பு. அப்புறம் தறி. அதற்கப்புறம் பனியன் கம்பெனி. இப்போது எழுதுவது டைலர், செக்கிங், அயர்ன் மாஸ்டர். பிறந்த ஊர்க் கட்டத்தில் ஒடிசா, பீகார்.

இந்தப் பதிவேடு நடுவில் நின்றுபோகப் பார்த்தது. ஒரு வருஷம் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 11 பிள்ளைகள். காலையில் மஞ்சள் வேன்கள் தெருத் தெருவாக வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்ற பேச்சும் வந்துவிட்டது. எனக்கு முன்னால் இருந்த தலைமையாசிரியர் ஐயா, டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்து வீடுகளுக்கெல்லாம் சாளை சாளையாகப் போனார். 2011இல் ஈரோடு கலெக்டர் ஆனந்தகுமார் தன் மகளைக் குமலன்குட்டை ஒன்றியப் பள்ளியில் சேர்த்த செய்தியைப் பேப்பரிலிருந்து வெட்டி, சட்டைப் பையில் மடித்து வைத்திருப்பார். "கலெக்டர் புள்ளையே படிக்குதுங்க, உங்க புள்ளைக்கு என்னங்க?" என்று அதைப் பிரித்துக் காட்டுவார். அந்தத் துண்டு மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, செலோ டேப் ஒட்டியே பாதி எழுத்து மறைந்துபோனது. ஐயா, நீங்கள் விழாவுக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, நான் மைக்கை விட்டு இறங்குவதற்குள் கிளம்பிவிட்டீர்கள். உங்கள் நாற்காலியைத் தேடி வந்தேன்.

பிறகு கம்பெனிகளைச் சுற்றிப் புது லைன் வீடுகள் எழும்பின. வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் வாசலில் நின்றார்கள். பேச்சுதான் புரியவில்லை. அப்போது எங்களைக் கரைசேர்த்தது இரண்டாம் வகுப்பில் இருந்த ஓர் ஒடிசாப் பாப்பா. வந்த ஆறே மாதத்தில் நம்மூர்த் தமிழை 'ங்க'வோடு பிடித்துக்கொண்டது. சேர்க்கைக்கு வரும் அம்மாக்களுக்கு அதுதான் ஒரியாவில் சொல்லும். ஆதார் வேண்டும், தடுப்பூசி அட்டை வேண்டும், சட்டையை நாளைக்குத் துவைத்துப் போட்டு விடச் சொல்லு. கடைசி வரி நான் சொல்லாதது, அதுவே சேர்த்துக்கொண்டது. இந்த வருஷம் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகிறது.

2023 ஆகஸ்டில் காலை உணவு எல்லா ஒன்றியப் பள்ளிகளுக்கும் வந்தபோது எனக்குக் கொஞ்சம் அவநம்பிக்கைதான். காலையில் யார் வந்து அடுப்புப் பற்றவைப்பார்கள்? மகளிர் குழுவிலிருந்து மூன்று அக்காமார்கள் வந்தார்கள். எட்டரை மணி ஷிப்டுக்கு ஓடும் தாய்மார்கள் டீயும் வர்க்கியும் கொடுத்து அனுப்பிய பிள்ளைகள், பத்து மணிக்கெல்லாம் மேசைமேல் தலை சாய்த்துப் படுத்துக்கொள்ளும். இப்போது அது குறைந்துவிட்டது. புதன்கிழமை பொங்கல் என்றால் லேட்டாக வருகிற பையனே இல்லை. மத்தியானச் சத்துணவில் 35 வருஷம் கரண்டி பிடித்து ஓய்வு பெற்ற ஆயாவை இந்த இடத்தில் விட முடியாது. பதினைந்து நாளுக்கு ஒரு முட்டை என்று 1989இல் தொடங்கியதிலிருந்து வாரம் ஐந்து முட்டை ஆனது வரைக்கும் உரித்த கை அது. பள்ளிக்கூடத்தில் எத்தனை பேர் என்று அவரைக் கேட்டால் வருகைப் பதிவேட்டைவிடச் சரியாகச் சொல்வார், முட்டைக் கணக்கில்.

கொரோனாவுக்குப் பிறகு, 2021 கடைசியில் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது தன் வீட்டு வாசலில் சாயங்காலம் பிள்ளைகளை உட்காரவைத்து எழுத்துக் கூட்டிக் கொடுத்த பொண்ணுக்கு நன்றி. அம்மிணி, நீ தேற்றிக் கொடுத்த பிள்ளைகள்தான் விழாவில் வரவேற்பு வாசித்தார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குத் தாய்மார்களைச் சம்பளப் பிடித்தம் இல்லாமல் ஒரு மணி நேரம் விட்ட பனியன் கம்பெனி சூப்பர்வைசருக்கும், கரும்பலகை துடைக்க மாதாமாதம் ஒரு மூட்டை கட்டிங் வேஸ்ட் துணி அனுப்புகிறவருக்கும், மோட்டாரில் காயில் எரிந்த அன்று கூலி வாங்காமல் ராத்திரியே கட்டிக் கொடுத்தவருக்கும், குறுக்குச் சந்தில் காத்து நின்று பிள்ளைகளை ரோடு தாண்டிவிடும் பஞ்சர் கடைக்காரருக்கும் நன்றிங்க.

இப்படிக்கு,
தலைமையாசிரியை

பி.கு.: விழாச் சாப்பாட்டுக்கு யார் யார் வீட்டிலிருந்தோ வாங்கிய பித்தளைப் போசிகளில் இரண்டு இன்னும் சத்துணவுக் கூடத்தில் இருக்கின்றன. ஒன்றில் பெயர் வெட்டியிருக்கிறது, தேய்ந்துபோய்ப் படிக்க முடியவில்லை. மற்றொன்றின் அடியில் ஈயம் பூச வேண்டும். அது எங்கள் சாம்பார் பண்ணிய வேலையாகத்தான் இருக்கும், பூசியே தருகிறோம். அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்க.