ஓடாதே என்று சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் நலவாழ்வுப் பக்கத்தில், “60 வயதைத் தாண்டியவர்கள் ஓட்டத்தை இளையவர்களுக்கு விட்டுவிட்டு நடையோடு நிறுத்திக்கொள்வது நல்லது” என்று ஒரு வரி வந்திருந்தது. எனக்கு 71 வயது. அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. முட்டித் தேய்மானம், நெஞ்சு நோய் உள்ளவர்களுக்கு டாக்டர் சொல்லட்டும், சரி. எங்கள் எல்லாரையும் ஒரே வரியில் உட்கார வைக்கலாமா?

கணவர் போன மறு வருடம், 53 வயதில், ராத்திரியில் தூக்கம் வராமல்தான் ஓட ஆரம்பித்தேன். முதல் நாள் இரண்டு விளக்குக் கம்பம் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது. இப்போது வாரம் மூன்று நாள் சாட்ஸ்வர்த்திலிருந்து இருட்டோடு கிளம்பி டர்பன் கடற்கரைக்குப் போகிறேன். முதல் பத்து நிமிடம் முட்டி முரண்டு பிடிக்கும். அப்புறம் உடம்பு சூடாகி, கால் தானாக எடுத்து வைக்கும். தூண்டில்காரர்கள் தூக்கக் கலக்கத்தோடு கை காட்டுவார்கள். கடலிலிருந்து சூரியன் எழும்பும்போது ஈரத் தரை முழுக்கச் செம்பாக மின்னும். உதட்டில் கரிப்பது வியர்வையா கடற்காற்றா என்று தெரியாது. கணவரோடு நான் மனசுக்குள் பேசுவதெல்லாம் அந்த நேரத்தில்தான்.

டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து நிறவெறி அரசு எங்களைக் கிளப்பி, இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பியபோது எனக்கு 10 வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா கடற்கரைக்குக் கூட்டிப்போவார். வெள்ளையருக்கு மட்டும் என்ற பலகையைப் பார்த்ததும், “அந்தப் பக்கம் ஓடாதே, கண்ணு” என்று கையைப் பிடித்து இழுப்பார். 1989 கடைசியில் கடற்கரைகள் எல்லாருக்கும் திறக்கப்பட்டபோது எனக்கு 35 வயது ஆகிவிட்டது. இத்தனை காலம் கழித்து என் தாய்மொழிப் பத்திரிகையும் ஓடாதே என்கிறதே ஐயா.

டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே நடக்கும் நம் தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1921இல் தொடங்கிய அந்த ஓட்டத்தில் கறுப்பினத்தவரும், நம் இந்தியரும், பெண்களும் முறைப்படி சேர 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1989இல், முன்பு பலமுறை அதில் வென்ற வாலி ஹேவர்ட் 80 வயதில் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓடி, 11 மணி நேரக் கெடு முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாதபோது எல்லைக்கோட்டைத் தொட்டார். தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் எழுந்து நின்று கை தட்டினார். அந்த ஹேவர்டிடம் போய் யார் நடையோடு நிறுத்தச் சொல்லியிருப்பார்கள்?

தைப்பூசத்தில் காவடி எடுத்து, வெறுங்காலோடு தார் ரோட்டில் வரும் 70 வயதுக்காரரின் பாதத்தில் தண்ணீர் ஊற்றி வணங்குகிறோம். அதே ஆள் மறுநாள் ஓடினால் வயதுக்குத் தகுந்தபடி இரு என்கிறோம். என் மகனும் இதைத்தான் சொல்கிறான். தங்கள் இதழிலும் முதியவர் படம் என்றால் நாற்காலியில் உட்கார்ந்து பொன்னாடை வாங்கும் படம்தான். இதைப் பற்றிப் போன வருடமே எழுதினேன். பதில் வரவில்லை. இடம் இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுப்பு போடச் சொல்லிக் கேட்கவில்லை. டர்பன் நார்த் பீச்சில் சனிக்கிழமை காலை பார்க்ரன் என்ற 5 கிலோமீட்டர் பொது ஓட்டம் நடக்கிறது, கட்டணம் இல்லை, நடந்தும் முடிக்கலாம் என்று அந்தப் பக்கத்தின் அடியில் இரண்டு வரி போடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
சாட்ஸ்வர்த், டர்பன்