ஆடித் திருவிழாவில் முக்கால் மணி நேரம்: விழாக் குழுவினருக்கு ஒரு மைக் செட்காரரின் மடல்

மதிப்புக்குரிய தர்மகர்த்தா ஐயாக்களுக்கும் விழாக் குழு அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

காட்பாடியிலிருந்து குடியாத்தம் போகிற சாலையில், லத்தேரி, கே.வி.குப்பம் பக்கத்து ஊர்களில் 22 வருஷமாக மைக் செட் போடுகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு என்னை நேரிலேயே தெரியும். ஆனி மாதக் கடைசியில் நீங்கள் கோயில் வாசலில் உட்கார்ந்து தலைக்கட்டுக்கு எவ்வளவு வரி, கூத்துக்கு எந்த ஜமா (கூத்துக் குழு), பாட்டுக் கச்சேரிக்கு யார் என்று பேசி முடிப்பீர்கள். அந்தக் கூட்டத்துக்கு முன்னாலேயே ஒரு விஷயம் கேட்க வேண்டும்.

நம் பக்கத்துப் பெண் ஒருத்தி சொந்தமாகப் பாட்டு எழுதுகிறாள், மெட்டுப் போடுகிறாள், முகவீணை என்கிற சின்ன ஊதுகுழல், ஹார்மோனியம், உடுக்கை, பம்பை, கிட்டார், மாண்டலின் எல்லாம் தானே வாசிக்கிறாள். பேர் போட வேண்டாம் என்றாள், போடவில்லை. பத்திரிகைகளில் சுயாதீன இசைக் கலைஞர் என்று எழுதுகிறார்களே, அது. நம் ஊரில் சொன்னால், சொந்தப் பாட்டுக்காரி. கூழ் ஊற்றும் திருவிழாவில் இவளுக்கு முக்கால் மணி நேரம் மேடை கொடுங்கள், அதற்கு முறையாகப் பணமும் கொடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

அவள் தாத்தா ஒரு கூத்து ஜமாவில் முகவீணை வாசித்தவர். பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோதே பேத்தி கையில் அதைக் கொடுத்துவிட்டார். ஒரு முழம்கூட இருக்காது அந்தக் கருவி. ஆனால் விடியற்காலை மூணு மணிக்கு அது எடுத்தால், தூங்கி விழுகிற ஊரே எழுந்து உட்காரும். அம்மா பீடி சுற்றுகிறவர். மடியில் முறம், கையில் கத்தரிக்கோல். இலையை வெட்டும்போது சரக், சரக் என்று ஒரே அளவாகச் சத்தம் வரும் இல்லையா, அதை போனில் பதிவு செய்து, அதையே தாளமாக வைத்து ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறாள். அந்தப் பாட்டில் வேறு தாளக் கருவியே கிடையாது. முதல்முறை என் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டியபோது பக்கத்துத் திண்ணையில் இலை வெட்டிக்கொண்டிருந்த அம்மாக்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தங்கள் வேலையின் சத்தம் குழாய் ஸ்பீக்கரில் கேட்கும் என்று அவர்கள் நினைத்ததே இல்லை.

கல்லூரியில் படிக்கும்போது 3,500 ரூபாய்க்குப் பழைய கிட்டார் ஒன்று வாங்கினாள். முகவீணையையும் கிட்டாரையும் சேர்த்து வாசிப்பது லேசு இல்லை. முகவீணையின் சுருதி அதன் உடம்பிலேயே இருக்கிறது, நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ஹார்மோனியத்திலாவது வேறு கட்டைக்குப் போய்விடலாம். கிட்டார்தான் முகவீணையைத் தேடிப் போக வேண்டும். நரம்புகளுக்குக் குறுக்கே கேப்போ என்று ஒரு கவ்வி போட்டு, ஒவ்வொரு கட்டமாக ஏற்றி ஏற்றி, இரண்டும் ஒன்றாகச் சேருகிற இடத்தைக் காதை வைத்தே கண்டுபிடித்தாள். அதற்கே ஒரு மழைக்காலம் முழுக்கப் போனது. என் கடைத் திண்ணையில்தான் உட்கார்ந்து செய்தாள், அதனால் எனக்குத் தெரியும்.

அப்புறம் கல்லூரிப் போட்டிகளுக்குப் போய்ப் பார்த்தாள். லைட் மியூசிக் என்று அறிவிப்பு இருக்கும், ஆனால் அதற்கு சினிமாப் பாட்டு என்றுதான் அர்த்தம். ஒரு போட்டியில், சொந்தப் பாட்டுக்கு எப்படி மார்க் போடுவது என்று கேட்டுவிட்டு இறக்கி அனுப்பினார்கள். சரி என்று காட்பாடியில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் ஏறி பெங்களூர் போகத் தொடங்கினாள். காப்பிக் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாட இடம் கொடுக்கிறார்கள். அங்கே உட்கார்ந்து கேட்பவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. அவர்கள் கை தட்டுகிறார்கள், நல்ல மனுஷர்கள்தான். ஆனால் பாலாற்றைப் பற்றிய பாட்டை, பாலாற்றங்கரையில் பிறந்தவள், பாலாற்றை ஒருமுறையும் பார்க்காதவர்கள் முன்னால் பாடிவிட்டு ராத்திரி ரயிலில் வீடு திரும்புகிறாள். அது எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

இன்டர்நெட்டில் பாட்டைப் போட்டால் பணம் கொட்டும் என்று உங்கள் பையன்கள் சொல்வார்கள். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை ஒரு வருஷத்தில் 1,000 தடவையாவது கேட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பாட்டுக்கு ஒரு பைசாவும் கிடையாது. 2024-லிருந்து அப்படி ஒரு விதி. அவள் போட்டிருப்பது 14 பாட்டு, அதில் ஐந்துதான் அந்த வாசற்படியைத் தாண்டியிருக்கிறது. ஒருவர் வந்து மொத்தப் பாட்டின் உரிமையையும் எழுதிக் கொடுத்துவிடு, கையில் காசு தருகிறேன் என்றார். அவள் கொடுக்கவில்லை. 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியதில் பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்று வந்ததை அவள்தான் எனக்குப் படித்துக் காட்டினாள். விவரமான பிள்ளை.

சொந்தப் பாட்டுக்குக் கூட்டம் நிற்காது என்று நீங்கள் சொல்வீர்கள். அண்ணே, திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவில் பகலில் பாரதக் கதை சொல்லும் பிரசங்கியார் பேசுவதும் பாடுவதும் சினிமாவா? ராத்திரி பத்து மணிக்குத் தொடங்குகிற கூத்தை விடியும்வரை உட்கார்ந்து பார்க்கிறோமே. அர்ச்சுனன் தபசுக்கு மரமேறிப் பாடும்போது மழை வந்தாலும் யாரும் எழுந்திருப்பதில்லை. ஒரே ஆள் பாடி, ஆடி, ஹார்மோனியத்தில் உட்கார்ந்து, இடையில் சொந்தமாக வசனமும் கட்டுவது நம் கூத்து வாத்தியார்களிடம் நாம் பார்த்ததுதான். பழைய வடாற்காட்டுக்குள்தான் செய்யாறு பக்கம் புரிசை இருக்கிறது, கூத்து வாத்தியார் கண்ணப்பத் தம்பிரானின் ஊர். இவள் செய்வதும் அதே வேலைதான். கூடவே ஒரு கிட்டாரும், காலடியில், வாசித்ததைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவைக்கிற ஒரு லூப் பெடலும் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அரக்கோணத்துக்காரர், பாடகர் அறிவு 2018-ல் சென்னையில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்கிற இசைக் குழுவின் மேடையில் பாடினார், அப்புறம் தன் பாட்டியின் கதையைப் பாடி உலகம் முழுக்கத் தெரிந்தவரானார். சென்னை கேட்ட பிறகுதான் நாம் கேட்டோம்.

போன ஆடியில் ஓர் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர் பேர் வேண்டாம். பாட்டுக் கச்சேரிக்காரர்கள் வண்டி வழியில் நின்றுபோனது. எட்டு மணி ஆகிவிட்டது, கூட்டம் சத்தம் போடுகிறது. நான் போன் பண்ணிக் கூப்பிட்டேன், அரை மணியில் ஸ்கூட்டரில் வந்தாள். பம்பையை இடுப்பில் கட்டி நாலு தட்டுத் தட்டினாள், பெடலை மிதித்தாள், அது திரும்பத் திரும்ப ஒலிக்க ஆரம்பித்தது. பம்பையை அவிழ்த்து வைத்துவிட்டு முகவீணையில் ஊதுகிற சீவாளியை நாக்கில் நனைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் இருந்து பையன்கள் சினிமாப் பாட்டு கேட்டுக் கத்தினார்கள். இரண்டாவது பாட்டில் கரண்ட் போனது. பெடலில் இருந்த தாளமெல்லாம் அழிந்துவிட்டது. நான் ஜெனரேட்டருக்கு ஓடினேன்.

கயிற்றை நாலு முறை இழுத்தும் கிளம்பவில்லை. அந்த இருட்டில் உடுக்கைச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் மேடையில் ஆள் இல்லை. கீழே இறங்கி, பெண்கள் உட்கார்ந்திருந்த பாய்க்கு நடுவில் நிற்கிறாள். உடுக்கையின் நடுக்கயிற்றை அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு, அந்த ஏற்ற இறக்கத்திலேயே பாலாற்றுப் பாட்டை எடுத்தாள். 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது நாம் எல்லோரும் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீர் பார்க்கப் போனோமே, அதைப் பற்றிய பாட்டு. தண்ணீர் வருகிற வழியிலேயே ஊர் பேர் வரும். வாணியம்பாடி என்று அவள் பாட, ஆம்பூர் என்று ஒரு கிழவி எடுத்துக்கொடுத்தார். அவள் நிறுத்தினாள். பள்ளிகொண்டா என்று பத்துக் குரல் வந்தது. வேலூர், ஆற்காடு, வாலாஜா என்று மொத்தப் பாயும் பாடியது. ஜெனரேட்டர் கிளம்பியதும் நான் விளக்கைப் போடவில்லை. பாட்டு முடியட்டும் என்று சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கு அவளுக்குக் கொடுத்தது ஒரு சால்வையும் 500 ரூபாயும். பத்தரைக்கு வந்து சேர்ந்த கச்சேரிக்குப் பேசிய முழுப் பணமும் போனது. அவர்களுக்குக் கொடுத்தது தப்பில்லை, வண்டி நின்றால் அவர்கள் என்ன செய்வார்கள். ஆனால் அவள் வாசித்தது ஓர் உதவி மாதிரியும் அவர்கள் வாசித்தது தொழில் மாதிரியும் ஆகிவிட்டது. அவளுக்கும் அது தொழில்தான் அண்ணே. சீவாளி வாங்க வேண்டும், நரம்பு மாற்ற வேண்டும், ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட வேண்டும்.

பெண்பிள்ளை பம்பை கட்டலாமா என்று ஒன்றிரண்டு பெரியவர்கள் என்னிடம் கேட்டார்கள். நாம் கூழ் ஊற்றுவதே அம்மனுக்கு. அவள் முன்னால் பெண்பிள்ளை வாசிக்கக் கூடாது என்று நான் எப்படிச் சொல்வேன்?

எப்படி நடத்தலாம் என்றும் யோசித்துவிட்டேன். கூழ் வார்த்து முடிந்து, அம்மன் வீதி உலா கிளம்புவதற்கு முன்னால் ஏழு மணியிலிருந்து ஏழே முக்கால் வரை மேடை சும்மாதான் கிடக்கிறது. அந்த நேரம் போதும். 10,000 ரூபாய் பேசுங்கள், கூத்து ஜமாவுக்குச் செய்வது போலவே வெற்றிலை பாக்கில் முன்பணம் வைத்துக் கொடுங்கள். நாலு மணிக்கு அவள் வந்து சத்தம் சரிபார்க்க வேண்டும், அப்போது மேடையில் தண்ணீர் கேனும் நாற்காலியும் அடுக்க வேண்டாம். அவள் பாடும்போது தெருமுனைக் குழாய் ஸ்பீக்கர்களை நான் நிறுத்திவிடுவேன். முகவீணை அந்தக் குழாயில் போனால் காதைக் கிழிக்கும், மேடைப் பெட்டி இரண்டு போதும். கூடுதல் மைக்குகளுக்கு நான் வாடகை போடமாட்டேன். பெடலுக்குத் தனியாக ஒரு யூபிஎஸ்ஸும் நானே கொண்டு வருகிறேன். சினிமாப் பாட்டு கேட்டுக் கத்துகிற பையன்களிடம் குழுவில் ஒருவர் போய்ச் சொன்னால் போதும், கேட்டுக்கொள்வார்கள். கச்சேரிதான் அப்புறம் இருக்கிறதே.

ஆனி கடைசி ஞாயிறுக் கூட்டங்களுக்கு நான் வருகிறேன். அவளையும் முகவீணையோடு கூட்டி வருகிறேன். வரிக் கணக்கை எடுப்பதற்கு முன்னால் ஒரு பாட்டு கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் மைக் செட்காரன்