நகோயாவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்க கடுதாசி கிடைச்சது. அம்மாவுக்கு முட்டிவலி தேவலைன்னு படிச்சதும்தான் நிம்மதி. நான் சௌக்கியம். போன மாசம் சின்ன ரூமுக்கு மாறிட்டேன், ஹீட்டர் போட்டா சீக்கிரம் சூடேறுது. புது விலாசம் கவர் பின்னாடி இருக்கு. பெரிய மாமா கொடுத்த குல்லாதான் இந்த ஜனவரிக் குளிருக்குத் துணை.

ஆபீஸ்ல எப்படி நடத்துறாங்கன்னு கேட்டிருந்தீங்க. இந்த ஜப்பான்காரங்க மரியாதை உங்களுக்குப் பிடிக்கும்ப்பா. விசிட்டிங் கார்டை ரெண்டு கையாலயும் நீட்டணும், எழுத்து வாங்குறவரைப் பார்த்து இருக்கணும். வாங்கினதைப் பையில போட்டுடக் கூடாது. மீட்டிங் முடியிற வரைக்கும், அவங்க உக்காந்திருக்கிற வரிசைப்படியே மேஜை மேல வச்சிருக்கணும். கதவைவிட்டுத் தள்ளி உள்ள இருக்கிற இடம் வந்தவங்களுக்கு, கதவோரம் என்னை மாதிரி சின்னவங்களுக்கு. கடைக்கு வர்ற பெரியவங்களுக்கு நீங்க ஃபேனுக்கு அடியில நாற்காலி போடுறதுதான் ஞாபகம் வரும்.

டிசம்பர்ல வருஷக் கடைசி விருந்து நடந்தது. அவங்கவங்க கிளாஸ்ல அவங்களே ஊத்திக்கிறதில்லை. பக்கத்துல இருக்கிறவங்களுக்கு நாம ஊத்தணும், நமக்கு அவங்க ஊத்துவாங்க. பெரியவங்களோட கிளாஸை முட்டும்போது நம்மளதை ஒரு விரல்கடை கீழ பிடிக்கணும். எனக்கு ஊலாங் டீதான், அம்மாகிட்ட சொல்லுங்க.

இங்க குச்சியாலதான் சாப்பிடுறாங்க. அந்தக் குச்சியைச் சோத்துல நட்டமா குத்தக் கூடாது, செத்தவங்களுக்குப் படைக்கிறதுதான் அப்படி. ஒருத்தர் குச்சியில இருக்கிறதை இன்னொருத்தர் குச்சியால வாங்கவும் கூடாது. இங்க எரிச்சப்புறம் சொந்தக்காரங்க குச்சியாலதான் எலும்பெடுத்துக் கலசத்துல போடுறாங்க. கால்ல ஆரம்பிச்சுத் தலையில முடிப்பாங்க, உள்ள ஆளு தலைகீழா ஆயிடக் கூடாதுன்னு. எங்க சீனியர் இதைச் சொன்னதும் எனக்குச் சோறு இறங்கலை. ஆச்சிக்கு நீங்களும் சித்தப்பாவும் எலும்பு பொறுக்கிப் பால் தெளிச்ச அன்னிக்கு நான் இங்க கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருந்தேன். கரைச்சப்போ ஆத்துல தண்ணி ஓடுச்சாப்பா? யார் யார் கூட வந்தாங்க? அம்மா போன்ல எதுவும் சொல்லலை, நீங்களாவது எழுதுங்க.

இந்த மாசம் பணம் கொஞ்சம் குறைச்சலா வரும். யென் மதிப்பு இறங்கியிருக்கு, வேற ஒண்ணுமில்லை. சொசைட்டி நகைக்கடன் வட்டியை முதல்ல கட்டிடுங்க, தங்கச்சி வளையலை ஏலத்துக்கு விட்டுடக் கூடாது. அத்தான் வயலைக் குத்தகைக்குக் கேட்டா வாய்ப்பேச்சோட விடாம எழுதி வாங்குங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தேதி சொன்னதும் எனக்குத் தெரியப்படுத்துங்க, லீவு முன்கூட்டியே கேட்டாதான் கிடைக்கும்.

உங்கள் அன்பு மகன்