டார்வினின் கப்பல் தலைவர்

ஆசிரியருக்கு,

டார்வின் பற்றிய தங்கள் கட்டுரையில், அவர் பயணம் செய்த பீகிள் கப்பலின் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய் ஒரே வரியில் வந்து போகிறார். அந்தப் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிக்கு இன்னும் சற்று இடம் தந்திருக்கலாம்.

1859இல் வேல்ஸ் கரையோரம் 'ராயல் சார்ட்டர்' கப்பல் புயலில் உடைந்து நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் துறைமுகங்களுக்குத் தந்தி வழியே புயல் எச்சரிக்கை அனுப்ப ஏற்பாடு செய்தவர் அவரே. 1861 ஆகஸ்டில் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழில் அவருடைய வானிலை முன்னறிவிப்பு வெளிவரத் தொடங்கியது. கணிப்பு பிசகினால் கேலிதான். இன்று மட்டும் என்ன வாழ்கிறது? அதற்கு முன்னர் நியூசிலாந்து ஆளுநராக இருந்த காலத்திலும், அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் பக்க நியாயத்தைப் பார்த்ததால் வெள்ளைக் குடியேறிகளின் பகையைச் சம்பாதித்தார்.

கடனும் மனச்சோர்வும் வாட்ட, 1865இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அவரைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள்.

வாசகர், தூத்துக்குடி